புது டி-ஷர்ட் பிராண்டுக்குத் திருப்பூர்: எந்த வழியில் போனால் அசல் தயாரிப்பாளர் கிடைப்பார்?

சொந்தப் பெயரில் டி-ஷர்ட், ஹூடி, டிராக் பேன்ட் விற்கலாம் என்று இறங்குகிறவர்கள் எந்த ஊர்க்காரர்களாக இருந்தாலும் கடைசியில் திருப்பூருக்குத்தான் வந்து சேர்கிறார்கள். வருவது சரிதான். பின்னலாடைக்கு இந்தியாவில் இதைவிட ஆழமான சந்தை இல்லை. நூல் கோனிலிருந்து அட்டைப்பெட்டி வரை எல்லாமே ஊருக்குள்ளும் ஊரைச் சுற்றியும் கிடைக்கிறது. ஆனால் முதல் ஆர்டரிலேயே கையைச் சுட்டுக்கொண்டு திரும்புகிறவர்களும் நிறைய. தயாரிப்பாளரைத் தேட இன்று இருக்கும் வழிகளில் எது புதியவருக்கு உதவும், எது காலை வாரும் என்பதைத்தான் இங்கே எடைபோடுகிறோம். 100 முதல் 1,000 பீஸ் வரையிலான முதல் ஆர்டரை மனதில் வைத்து எழுதியது இது. கன்டெய்னர் கணக்கில் ஏற்றுமதி செய்கிறவர்களுக்குக் கணக்கே வேறு.

சட்டை, ஜீன்ஸ், குர்தி தைக்க நினைப்பவர்கள் இதோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். திருப்பூரின் பலம் பின்னல் துணி. நெய்த துணிச் சட்டைக்குப் பெங்களூரும், ஜீன்ஸுக்குப் பல்லாரியும், அச்சிட்ட குர்திக்கு ஜெய்ப்பூரும், கம்பளி ஸ்வெட்டருக்கு லூதியானாவும் இருக்கும்போது, அவற்றைத் திருப்பூரில் கொடுத்தால் இன்னொரு ஊருக்குக் கைமாறிப் போய்வந்து, அந்தக் கைமாற்றின் லாபமும் உங்கள் விலையில் ஏறும்.

திருப்பூரில் 'மேனுஃபேக்சரர்' என்று விசிட்டிங் கார்டு நீட்டுகிறவரிடம் எல்லா வேலையும் இருக்காது. நிட்டிங் ஒருவர், சாயம் ஒருவர், காம்பேக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி முன்கூட்டியே அழுத்திச் சீராக்குவது) ஒருவர், பிரிண்டிங் ஒருவர், தையலுக்குப் பவர்டேபிள் (கூலிக்குத் தைத்துத் தரும் யூனிட்) ஒருவர் என்று வேலை பிரிந்து ஓடுவது ஊரின் இயல்பு. பெரிய பனியன் கம்பெனிகளே பலவற்றை ஜாப் ஒர்க்காக, அதாவது கூலி வேலையாக, வெளியே கொடுக்கின்றன. அதனால் வெளியே கொடுத்து வாங்குகிறார் என்பதற்காக ஒருவரைப் போலி என்று ஒதுக்கக் கூடாது. 200 பீஸ் ஆர்டருக்கு ஆர்வமாகத் தலையாட்டுகிறவர் சாயப்பட்டறையும் சொந்தம் என்று சொன்னால் அங்கேதான் யோசிக்க வேண்டும். அசலானவர் துணி எங்கே சாயத்துக்குப் போகிறது, பிரிண்ட் யாரிடம், தையல் எந்த யூனிட்டில் என்று கேட்டவுடன் சொல்வார். போய்ப் பார்க்க வேண்டும் என்றால் வழியும் சொல்வார். "அதெல்லாம் எங்க பொறுப்பு, உங்களுக்கு எதுக்கு" என்கிற பதில் வந்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இணையத் தளங்களிலிருந்து ஆரம்பிக்கலாம். இந்தியாமார்ட், டிரேட்இந்தியா போன்றவற்றில் ஒரு தேவையைப் பதிந்தால் அது ஒரே நேரத்தில் பல விற்பனையாளர்களுக்குப் போகிறது. அடுத்த அரை மணி நேரத்தில் வரிசையாக போன் வருவது அதனால்தான். கூப்பிடுகிறவர்களில் வாங்கி விற்பவர்கள் கணிசம். அவர்கள் மோசக்காரர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் துணியின் மேல் அவர்களுக்குக் கட்டுப்பாடு இருக்காது, குறை வந்தால் பதில் சொல்ல முடியாது. தளம் தரும் சரிபார்ப்பு முத்திரை ஆவணங்களைப் பற்றியது. தையலைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பெயர் திரட்ட இந்த வழி நல்லது, பணம் கட்டும் இடமாக இதை நினைக்க வேண்டாம். இன்ஸ்டாகிராமில் ஓடும் இயந்திர ரீல்களும் இதே தரம்தான். ரீலில் காட்டும் யூனிட் அவருடையதுதானா என்று பார்க்க, வீடியோ காலில் வரச் சொல்லி, அன்றைய தேதியும் உங்கள் பிராண்டு பெயரும் எழுதிய தாளைக் கட்டிங் டேபிளின் மேல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். உண்மையில் யூனிட் வைத்திருப்பவருக்கு அது இரண்டு நிமிட வேலை.

போனில் வடிகட்ட மூன்று கேள்விகள் போதும். 30-ம் நம்பர் கோம்டு (சீவிச் சுத்தமாக்கிய) நூலில் சிங்கிள் ஜெர்சி, அதாவது சாதாரண டி-ஷர்ட் துணி, ஓட்டி காம்பேக்டிங் செய்தால் என்ன ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) வரும்? ஏறக்குறைய 140 முதல் 160 என்று பதில் வர வேண்டும். நம்பர் குறைந்தால் நூல் தடிக்கும் என்பதால், 180 வேண்டுமானால் 24-ம் நம்பருக்கும், 220 பக்கம் வேண்டுமானால் 20-ம் நம்பருக்கும் போக வேண்டும் என்று அவரே சேர்த்துச் சொன்னால் விஷயம் தெரிந்தவர். அடுத்தது, கழுத்துப் பட்டைக்கான ரிப் துணியும் பாடித் துணியும் ஒரே லாட்டில், அதாவது ஒரே தடவையில், சாயத்துக்குப் போகுமா? மூன்றாவது, ஒரு பீஸுக்குத் துணி எத்தனை கிராம் போடுகிறீர்கள், அதில் கட்டிங் வேஸ்ட் எவ்வளவு? துணியைத் தொட்டு வேலை செய்கிறவர் இதற்கெல்லாம் மூச்சுவிடாமல் பதில் சொல்வார். வாங்கி விற்பவர், "கேட்டுச் சொல்றேன் சார்" என்பார்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காதர்பேட்டை வேறு வகை. ஏற்றுமதியில் மிஞ்சியது, செகண்ட்ஸ் (குறையுள்ள சரக்கு), உள்நாட்டு ரெடிமேட் எல்லாம் குவியும் மொத்த விற்பனைச் சந்தை அது. துணி ரகங்களைத் தொட்டுப் பழக, எந்தத் தையல் எப்படி இருக்கும் என்று கண்ணால் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடமில்லை; முதல் நாளை அங்கே செலவழிப்பது வீணாகாது. பிராண்டு கட்ட மட்டும் அது உதவாது. இன்று பிடித்துப்போன சரக்கு அடுத்த மாதம் அதே அளவில், அதே நிறத்தில் கிடைக்காது. 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' மேல் உங்கள் லேபிளைத் தைத்து விற்றால், வாடிக்கையாளர் இரண்டாவது முறை கேட்கும்போது கொடுக்க ஒன்றும் இருக்காது.

சங்கங்களும் கண்காட்சிகளும் பெயர் உறுதி செய்ய உதவும். 1990-ல் தொடங்கிய திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கமும், உள்நாட்டு பனியன் உற்பத்தியாளர்களின் பழைய சங்கமான சைமாவும் உறுப்பினர் பட்டியல் வைத்திருக்கின்றன. ஒரு கம்பெனி உறுப்பினர் என்று சொன்னால் சரிபார்க்கலாம். ஆனால் அங்கே இருப்பவர்களில் பலருக்கு 100 பீஸ் ஆர்டர் ஒரு பொருட்டே அல்ல. பெரிய பெயரைப் பிடித்துவிட்டோம் என்ற திருப்தியில் கொடுத்தால், சீசனில் உங்கள் வேலை கடைசி வரிசைக்குப் போய்விடும்.

ஏஜென்ட் வழியாகப் போவது வெளிமாநிலத்தவருக்கும் நேரில் வர முடியாதவர்களுக்கும் நியாயமான வழி. ஒரே நிபந்தனை, பில் யார் பெயரில் வருகிறது என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். கம்பெனி பெயரில் பில் வந்து, கமிஷன் தனியாக வெளிப்படையாக இருந்தால் அவர் ஏஜென்ட். அவர் பெயரிலேயே பில் போட்டால் அவர் வியாபாரி, விலையும் அப்படித்தான் இருக்கும்.

எங்கள் மதிப்பீட்டில் புதியவருக்கு மிகச் சிறந்தது, துணியைத் தானே வாங்கி, கட்டிங்கும் தையலும் தெரிந்த நடுத்தர யூனிட்டுக்கு ஜாப் ஒர்க்காகக் கொடுப்பது. இருபது முப்பது மெஷின், சொந்தக் கட்டிங் மாஸ்டர், செக்கிங், அயர்ன், பேக்கிங் வரை ஒரே இடத்தில் இருக்கும் யூனிட்டாகப் பார்க்க வேண்டும். அலைச்சல் கூடும், துணி கெட்டால் நஷ்டமும் உங்களுடையது. ஆனாலும் இதையே சொல்வதற்குக் காரணம், சாதாரண டி-ஷர்ட்டின் அடக்கத்தில் பெரும்பங்கு துணிக்குத்தான் போகிறது. ஏமாற்றும் இடமும் அதுதான்.

அது எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். துணி கிலோவில் வாங்கப்படுகிறது, டி-ஷர்ட் பீஸ் கணக்கில் விற்கப்படுகிறது. 180 ஜிஎஸ்எம் என்று பேசிவிட்டு 160-ல் போட்டால் ஒரே கிலோவில் பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் கூடுதல் பீஸ் கிடைக்கும். அந்தப் பன்னிரண்டு சதவீதம் யாருடைய பாக்கெட்டுக்குப் போகும் என்பது தெரிந்ததே. கையில் தொட்டு 180-க்கும் 160-க்கும் வித்தியாசம் சொல்ல அனுபவம் வேண்டும். அதற்குப் பதில் ஒரு சிறு டிஜிட்டல் தராசு போதும். துணியில் சரியாக 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரம் வெட்டி எடை போடுங்கள். 1.8 கிராம் வந்தால் 180 ஜிஎஸ்எம். கிராமை நூறால் பெருக்கினால் போதும். ஓரத்தில் வெட்டாமல் ரோலின் நடுவில், மூன்று இடத்தில் எடுத்துச் சராசரி பாருங்கள். கம்பெனிகளில் வட்டமாக வெட்டும் கட்டர் வைத்திருப்பார்கள், அதுவும் நூறு சதுர சென்டிமீட்டர்தான். துவைத்த துணியில் ஜிஎஸ்எம் ஏறிக் காட்டும் என்பதால், காம்பேக்டிங் முடிந்து துவைக்காத துணியில்தான் அளவு என்று எழுத்தில் பேசிக்கொள்ள வேண்டும்.

சுருக்கம் அடுத்தது. சாயத் தொட்டியில் நனைந்து இழுபட்டு வரும் பின்னல் துணி நீளவாக்கில் நீண்டுவிடும். காம்பேக்டிங்கில் அதைத் தள்ளிப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அகலத்தை இழுத்துப் பிடித்து, குறைவாகக் காம்பேக்ட் செய்தால் துணி அதிகம் கிடைத்தது போலத் தெரியும். வாடிக்கையாளர் வீட்டு முதல் துவைப்பில் அது எல்லாம் திரும்பிவிடும். எல் சைஸ் எம் ஆகிவிட்டது என்று வரும் புகார்களில் பெரும்பகுதியின் மூலம் இதுவே. வெட்டுவதற்கு முன்பே சோதித்துவிடலாம். 50 சென்டிமீட்டர் சதுரத்தை அழியாத மையில் குறித்து, மூன்று முறை துவைத்துக் காயவைத்து அளக்க வேண்டும். 47.5-க்குக் கீழே போனால் சுருக்கம் ஐந்து சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று பொருள். அந்த ரோலைத் திரும்ப காம்பேக்டிங்குக்கு அனுப்பச் சொல்லலாம், வெட்டிய பிறகு எதுவும் செய்ய முடியாது. கூடவே பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வருகிறதா என்றும் சாம்பிளைத் துவைத்துப் பாருங்கள். நூலில் மிஞ்சிய முறுக்கு சிங்கிள் ஜெர்சியை இப்படித் திருப்பும். விலை குறைந்த நூலில் இது அதிகம்.

'நூறு சதவீதம் காட்டன்' என்பதைச் சோதிக்க ஒரு நூல் இழையும் தீக்குச்சியும் போதும். காட்டன் காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகி, முனையில் கெட்டியான மணி நிற்கும். சாயத்துக்கு, ஈர வெள்ளைத் துணியால் பத்து முறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கறுப்பு, நேவி, அடர் சிவப்பில் லேசாக ஒட்டுவது இயல்பு. வெள்ளைத் துணியே நிறம் மாறினால் சாயத்துக்குப் பிறகு சோப்பிங் (ஒட்டாத சாயத்தைக் கழுவி எடுப்பது) சரியாகச் செய்யவில்லை. பயோ வாஷ் என்று கேட்டு வாங்குகிறவர்கள் அதன் வேலை என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது. துணியின் மேல் நிற்கும் பஞ்சு முடியை என்சைம் தின்றுவிடும், அதனால் சீக்கிரம் பொட்டுப்பொட்டாகத் திரளாது. எடையிலும் கொஞ்சம் குறையும் என்பதால் விலை ஏறுவது நியாயம்.

துணி எங்கே சாயத்துக்குப் போகிறது என்று கேட்கச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறையில்தான் இங்கே சாயமிட முடியும். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்த ஆலை, அல்லது சொந்தச் சுத்திகரிப்பு வைத்த ஆலை என்று இரண்டே வகை. அதற்கான செலவு சாயக் கூலியில் இருக்கும். ஊர் விலையைவிடக் கண்ணை உறுத்தும் அளவுக்குக் குறைத்து ஒருவர் சாயம் போட்டுத் தருகிறார் என்றால், அனுமதி இல்லாத பட்டறையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆற்றுக்கும் அதை நம்பி இருக்கும் விவசாயிக்கும் செய்யும் கேடு ஒருபுறம். அதிகாரிகள் மின் இணைப்பைத் துண்டித்தால் உங்கள் துணி உள்ளேயே மாட்டிக்கொள்ளும் என்பது இன்னொருபுறம்.

குறைந்தபட்ச ஆர்டர் ஏன் அவ்வளவு கேட்கிறார்கள் என்று புதியவர்கள் சலித்துக்கொள்வார்கள். கணக்கு எளிமையானது. எம் அளவு ரெகுலர் ஃபிட் 180 ஜிஎஸ்எம் டி-ஷர்ட்டுக்கு வேஸ்ட்டோடு சேர்த்து ஏறக்குறைய 200 முதல் 215 கிராம் துணி பிடிக்கும். ஆக ஒரு கிலோவுக்கு ஐந்துக்குச் சற்றுக் குறைவு. உங்களுக்கென்று தனி நிறம் வேண்டுமானால் சாயத் தொட்டி நிறைய வேண்டும். சின்னத் தொட்டியிலேயே 100 கிலோ என்றால் ஒரு நிறத்துக்கு 470 பீஸ் ஆகிவிடும். இதைத் தவிர்க்க, சாயம் போட்டுத் தயாராக இருக்கும் ஸ்டாக் துணியை ரோலாக வாங்குவதே முதல் ஆர்டருக்கு உகந்தது. ஒரு ரோல் பொதுவாக 20 முதல் 25 கிலோ, அதில் சுமார் 100 பீஸ் தேறும். எனவே ஆர்டரை ரோல் கணக்கில் யோசியுங்கள். நாலு நிறத்தில் ஐம்பது ஐம்பது என்று பிரிப்பதைவிட இரண்டு நிறத்தில் நூறு நூறு எல்லோருக்கும் சுலபம். 240 ஜிஎஸ்எம் ஓவர்சைஸ் என்றால் கிலோவுக்கு மூன்று பீஸ்தான் வரும், ரோல் கணக்கும் அதற்கேற்ப ஏறும். ஒரே நிறத்தில் இரண்டு ரோல் வாங்கினால் டேகில் லாட் நம்பர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். லாட் மாறினால் கை ஒரு நிறம், உடம்பு ஒரு நிறமாக வந்துவிடும்.

துணியைக் கொடுத்த பிறகு கணக்கு முடிக்கும் விதத்தில் யூனிட்டின் நாணயம் தெரியும். 100 கிலோ போனால், தைத்த 470 பீஸின் எடை சுமார் 80 கிலோ, கட்டிங் வேஸ்ட் 12 முதல் 15 கிலோ, மீதி ரோல் முனையும் ஓட்டைத் துணியும். பீஸ் ஒன்றுக்கு எத்தனை கிராம் என்பதைச் சாம்பிளை எடை போட்டு முன்னதாகவே ஒப்புக்கொண்டால் பிறகு வாக்குவாதம் இருக்காது. துணி போகும்போது டெலிவரி சலான் கட்டாயம். வேறு மாநிலத்திலிருந்து ஜாப் ஒர்க்குக்கு அனுப்பினால் மதிப்பு எதுவானாலும் இ-வே பில் (சரக்கு கொண்டுசெல்வதற்கான மின்-ஆவணம்) வேண்டும். கொடுத்த சரக்கு ஓராண்டுக்குள் திரும்பி வர வேண்டும் என்பதும் ஜிஎஸ்டி சட்டத்தில் இருக்கிறது.

ஆவணச் சோதனை அரை மணி நேர வேலை. ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைப் போட்டால் சட்டப்படியான பெயர், பதிவு தேதி, முகவரி, தொழிலின் தன்மை, கடைசியாக எந்த மாதம் வரை ரிட்டர்ன் தாக்கல் செய்திருக்கிறார் என்பது வரை இலவசமாகத் தெரியும். தமிழ்நாட்டுப் பதிவு 33-ல் தொடங்கும். ஆறாவது எழுத்தைக் கவனியுங்கள்: பி என்றால் தனிநபர், எஃப் என்றால் கூட்டு நிறுவனம், சி என்றால் கம்பெனி. கார்டில் 'பிரைவேட் லிமிடெட்' என்று போட்டுவிட்டு எண்ணில் பி இருந்தால் கேள்வி கேளுங்கள். சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் வரித் திட்டத்தில் இருப்பவரானால் உங்களுக்கு உள்ளீட்டு வரிக் கழிவு கிடைக்காது, அவர் வெளிமாநிலத்துக்கு விற்கவும் முடியாது. சிறு தொழில் பதிவான உத்யம் சான்றிதழைக் காட்டினால் அதை மட்டும் நம்ப வேண்டாம், அது சுய அறிவிப்பில் கிடைப்பது. இருபது பேருக்கு மேல் வேலை செய்யும் யூனிட் என்றால் பிஎஃப் அமைப்பின் தளத்தில் நிறுவனப் பெயரைத் தேடினால், மாதாமாதம் எத்தனை பேருக்குக் கட்டுகிறார்கள் என்பது தெரியும். ஒப்பந்தத் தொழிலாளர்கள் அதிகம் என்பதால் அந்த எண்ணிக்கை குறைவாக இருப்பது மட்டுமே குற்றமல்ல. ஆனால் 'முன்னூறு பேர்' என்று சொல்லிவிட்டு அங்கே பெயரே இல்லை என்றால் விலகிவிடலாம். முன்பணம் போகும் வங்கிக் கணக்கின் பெயரும் ஜிஎஸ்டி பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், தனி ஆளின் யுபிஐ எண்ணுக்குப் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

ஆர்கானிக் என்று விற்கப் போகிறவர்கள் காட்ஸ் (ஆர்கானிக் துணிக்கான உலகத் தரம்) சான்றிதழின் நகலைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. அது கம்பெனிக்கான சான்று. உங்கள் லாட் ஆர்கானிக்தான் என்பதற்கு அந்தச் சரக்குக்கென்று தனியாக டிரான்சாக்ஷன் சர்டிபிகேட் வேண்டும். அது இல்லாமல் லேபிளில் அடிக்க உரிமை இல்லை.

இனி சாம்பிள். யூனிட்டுக்குள் போனால் ஷோரூமில் மாட்டியிருப்பதை விட்டுவிட்டு, அன்று ஓடிக்கொண்டிருக்கும் தையலிலிருந்து ஒரு பீஸை எடுங்கள். தோள்பட்டைத் தையலை இரண்டு கையாலும் இழுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். தையல் வரியை ஒட்டி ஊசி முனையளவு துளைகள் தெரிந்தால் ஊசி மழுங்கிவிட்டது, அல்லது பின்னல் துணிக்கான பால்பாயின்ட் ஊசி போடவில்லை. இன்று பொட்டளவு இருக்கும் துளை நாலு துவைப்பில் ஓட்டையாகும். அடுத்து அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணுங்கள். பத்து முதல் பன்னிரண்டு இருக்க வேண்டும். வேகத்துக்காக எட்டில் ஓட்டினால் பக்கத் தையல் பல்லிளிக்கும். கழுத்து ரிப்பைப் பத்து முறை இழுத்து விடுங்கள். லைக்ரா போடாத ரிப் அங்கேயே தொங்கிவிடும். பின்கழுத்தில் தோளிலிருந்து தோள் வரை டேப் ஓடுகிறதா என்று பாருங்கள், அதை விட்டுவிடுவது செலவு குறைக்கும் முதல் இடம். கட்டிங் டேபிளில் துணி ரோலிலிருந்து நேராக வந்து விரிகிறதா, முந்தைய நாளே பிரித்துப் போட்டு ஓய்வு கொடுத்திருக்கிறார்களா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. லைக்ரா கலந்த துணிக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்காமல் வெட்டினால் அடுக்கின் மேல் பீஸுக்கும் கீழ் பீஸுக்கும் அளவு மாறும்.

பிரிண்ட் போட்ட சாம்பிளானால் இழுத்துப் பார்ப்பதோடு ஐந்து முறை துவைத்தும் பாருங்கள். ஸ்கிரீன் பிரிண்டுக்கான பிளாஸ்டிசால் மை ஏறக்குறைய 160 டிகிரியில் முழுவதும் வேக வேண்டும். அவசரத்தில் க்யூரிங் மெஷினை வேகமாக ஓட்டினால் மேல்தோல் மட்டும் காய்ந்து, துவைப்பில் வெடிக்கும். டிடிஎஃப் (படலத்தில் அச்சிட்டுச் சூட்டில் துணிக்கு மாற்றுவது) சிறு எண்ணிக்கைக்கு வசதிதான், ஆனால் நெஞ்சு முழுக்கப் பெரிய படம் போட்டால் காற்றுப் புகாது.

சாம்பிள் இலவசம் என்று சொல்கிறவரைவிடச் சாம்பிளுக்குக் கட்டணம் வாங்கி, ஆர்டரில் கழித்துக்கொள்கிறவர் நம்பத் தகுந்தவர். அளவுப் பட்டியலில் எவ்வளவு வித்தியாசம் வரை ஏற்பீர்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள்: மார்பு, நீளம் ஒரு சென்டிமீட்டர் கூடக்குறைய, கழுத்து அரை சென்டிமீட்டர். ஆர்டருக்கு முந்தைய கடைசிச் சாம்பிள், ஓடப்போகும் அதே துணி, அதே நூல், அதே லேபிளில் தைத்ததாக இருக்க வேண்டும். அதில் ஒன்றைச் சீல் வைத்து உங்களிடமும் ஒன்றை அவரிடமும் வையுங்கள். பிறகு எழும் எந்தச் சண்டைக்கும் அதுவே நீதிபதி.

பணத்தைப் பொறுத்தவரை பாதிக்கு மேல் முன்பணம் கொடுக்க வேண்டாம். துணி உங்களுடையதாக இருந்தால் தையலுக்கு முன்பணம் மிகக் குறைவாகவே தேவைப்படும். மீதியைச் சரக்கு சோதித்த பிறகு, லாரி ஏறும் முன் கொடுங்கள். 500 பீஸ் வந்தால் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதில்லை. ஏக்யூஎல் (ஏற்கத்தக்க குறை அளவு) 2.5 என்ற உலக வழக்கப்படி 50 பீஸை வெவ்வேறு பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால், பெரிய குறை மூன்று வரை ஏற்கலாம். நான்கு ஆனால் மொத்தத்தையும் திரும்பச் செக் பண்ணச் சொல்லலாம். இந்த எண்களை ஆர்டரிலேயே எழுதிவிட்டால் கெஞ்சவும் மிரட்டவும் தேவை இருக்காது.

காலம் பற்றியும் ஏமாந்துவிடக் கூடாது. ஸ்டாக் துணி என்றால் மூன்று நான்கு வாரம், நூலிலிருந்து தொடங்கினால் இரண்டு மாதம். 'பத்து நாளில் தர்றேன்' என்பது ஆர்டரைப் பிடிக்கச் சொல்வது. தீபாவளிக்கு முன் இரண்டு மாதம் உள்நாட்டு ஆர்டர்கள் பவர்டேபிளை நிரப்பிவிடும். போனஸ் வாங்கி ஊருக்குப் போன தொழிலாளர்கள் திரும்பி வரும்வரை ஊரே மெதுவாகத்தான் ஓடும். பொங்கலுக்கும் அப்படித்தான். நூல் விலையை மில்கள் மாதத் தொடக்கத்தில் அறிவிப்பதால் விலைப்பட்டியல் எந்தத் தேதிவரை செல்லும் என்று கேட்டு வாங்குங்கள். விலை போடும்போது வரியையும் சேர்த்துப் பாருங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம்.

லேபிள் விஷயத்தில் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். பிராண்டுப் பெயரை உடைகளுக்கான 25-ம் வகுப்பில் டிரேட்மார்க்குக்கு விண்ணப்பித்த பிறகே லேபிளை யூனிட்டுக்குக் கொடுங்கள். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் 4,500 ரூபாய். லேபிளை எண்ணிக் கொடுக்க வேண்டும், ஆர்டருக்கு மேல் இரண்டு மூன்று சதவீதம் போதும். சரக்கோடு மீதி லேபிளும் திரும்பி வர வேண்டும், கழித்த பீஸ்களில் லேபிளை வெட்டிவிட வேண்டும். இதை விட்டால் உங்கள் பெயர் போட்ட செகண்ட்ஸ் காதர்பேட்டையில் கால் விலைக்குத் தொங்கும். பேட்டர்ன், பிரிண்ட் ஸ்கிரீன் இரண்டுக்கும் தனியாகப் பணம் கட்டியிருந்தால் அவையும் உங்களுடையவை. அதையும் ஆர்டரில் ஒரு வரி எழுதிக்கொண்டால், அடுத்த முறை வேறு யூனிட்டுக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போகலாம்.